தவறு யாருடையது என்று கேட்காத இழப்பீடு

கார் மோதி ஒருவர் இறந்தாலோ கொடுங்காயம் அடைந்தாலோ, தவறு யார் மீது என்ற விசாரணைக்குள் போகாமலே தரவேண்டிய நிலையான தொகைக்குத் தவறு பாராத இழப்பீடு என்று பெயர். வக்கீல்களின் பேச்சில் இது ‘நோ ஃபால்ட்’. இந்தியாவில் இந்த உரிமை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 164-ஆம் பிரிவில் இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வந்த இந்தப் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொகையைத் தரவேண்டியவர் வாகனத்தின் உரிமையாளர் அல்லது அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு கொடுத்த நிறுவனம்.

இது மத்தியச் சட்டம். கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் நடந்த விபத்தானாலும், கரமனையிலிருந்து பாலராமபுரம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் நெரிசலான சாலையில் நடந்ததானாலும், கேசவதாசபுரத்தில் தொடங்கும் எம்.சி. ரோட்டில் நடந்ததானாலும் விதி ஒன்றுதான். மோதியது கே.எல். 01 பதிவெண் காரா, நாகர்கோவிலிலிருந்து வந்த டி.என். 74 பதிவெண் காரா என்பதும் தொகையை மாற்றாது. சாலை மறுபக்கம் தமிழ்நாடாகிவிடும் இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வண்டி வேறு மாநிலத்தது என்பதால் கேஸ் நிற்காது என்ற தவறான எண்ணத்தில் உரிமையைக் கைவிடும் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ‘நோ ஃபால்ட் இன்சூரன்ஸ்’ என்று சொல்வது வேறொன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1971-லும் மிச்சிகனில் 1973-லும் வந்த முறையில், அடிபட்டவரின் மருத்துவச் செலவை அவரவர் காப்பீட்டு நிறுவனமே ஏற்கிறது. நியூசிலாந்து 1974 முதல் ஓர் அரசு நிதியத்திலிருந்தே எல்லா விபத்துக் காயங்களுக்கும் கொடுக்கிறது. இந்தியாவில் தவறு பாராத பொறுப்பு மோதிய வாகனத்தின் மேல் விழுகிறது. அடிபட்டவர் தம் பெயரில் எந்தப் பாலிசியும் எடுத்திருக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த கூலித் தொழிலாளிக்கும் இந்த உரிமை முழுமையாக உண்டு.

சட்டம் வந்த வழி

கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தபோதே, 1971-ல், வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்த மாற்றத்தை வலியுறுத்தினார். உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு 1979-லும் அதையே வலியுறுத்தினார். சாலையில் ஓடும் வாகனம் தரும் ஆபத்தை ஏழையின் குடும்பம் மட்டும் சுமக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். இடையில் 1977-ல் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்காமல் இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. நாடாளுமன்றம் 1982-ல் பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி 92ஏ பிரிவைச் சேர்த்த பிறகே நிலை மாறியது. அப்போது உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 140-ஆம் பிரிவாக மாறியது. தொகை முதலில் 25,000, 12,000 என்றும், 1994-இன் திருத்தத்துக்குப் பின் 50,000, 25,000 என்றும் ஆனது. அதே திருத்தம் 163ஏ என்ற இன்னொரு வழியையும் திறந்தது. ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் வயது, வருமான அட்டவணைப்படி இழப்பீடு பெறும் வழி அது. இவ்விரண்டும் இன்று இல்லை. இரண்டின் இடத்திலும் 164 நிற்கிறது. பழைய கையேடுகளிலும் இணையத்தில் சுற்றும் குறிப்புகளிலும் 50,000 ரூபாய் என்று பார்த்தால், அது 2022 ஏப்ரலுக்கு முந்தைய விபத்துகளுக்கான கணக்கு என்று கொள்ள வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்

நடந்துபோகிறவர், சைக்கிள்காரர், இரு சக்கர வாகனத்தில் வந்தவர், எதிரே வந்த காரில் இருந்தவர் ஆகிய அனைவரும் மோதிய காரைப் பொறுத்தவரை மூன்றாம் நபர்கள். இவர்களுக்கு 164 தடையின்றிப் பொருந்தும். சாலையைக் குறுக்கே கடக்கும்போது அவசரப்பட்டவர், தவறான பக்கம் பைக் ஓட்டி வந்தவர் என்றால் என்ன ஆகும் என்பதே அடிக்கடி எழும் கேள்வி. கோருபவர் யாருடைய தவறையும் எடுத்துச்சொல்லவோ நிரூபிக்கவோ தேவையில்லை என்கிறது பிரிவு. இதே சொற்கள் முன்பு 163ஏ-இல் இருந்தபோது, அடிபட்டவரின் கவனக்குறைவைக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதமாக எடுக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்த்தது. பிழை தங்கள் பக்கம்தான் என்று நம்பி வழக்கே போடாமல் ஒதுங்கும் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

காருக்குள் இருந்தவர்களின் நிலை சிக்கலானது. வாடகை கொடுக்காமல் உடன் பயணித்த உறவினர், நண்பர் ஆகியோரை ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும் உள்ள பாலிசி காக்காது; பேக்கேஜ் பாலிசி காக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் வேறுபடுத்திக் காட்டியது. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று ஊரில் சொல்வது இந்தப் பேக்கேஜ் பாலிசியைத்தான். பழைய கார்தானே என்று செலவைக் குறைக்க வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு மாறும்போது, சொந்த வண்டியின் சேதத்தை மட்டுமே பலர் கணக்கிடுகிறார்கள். பின்சீட்டில் உட்காரும் சொந்தக்காரர்களின் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது என்பது கண்ணில் படுவதில்லை. எதிரே இன்னொரு வாகனம் மோதியிருந்தால் அதன் காப்பீட்டிடம் இவர்கள் கோரலாம். கார் தானாகவே கல்வெர்ட்டில் இடித்துக் கவிழ்ந்திருந்தால் அந்த வழியும் இல்லை.

உரிமையாளரே ஓட்டிச் சென்று அடிபட்டால் அவர் தம் பாலிசிக்கு மூன்றாம் நபர் ஆகமாட்டார். காரை இரவல் வாங்கி ஓட்டியவரும் உரிமையாளரின் இடத்தில் நிற்பவரே என்று 163ஏ காலத்தில் 2009-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கருத்து சரியா என்ற கேள்வியை 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறது. அது தீரும்வரை நண்பரின் காரை ஓட்டிப் போகிறவர் 164-ஐ நம்பியிருக்க முடியாது.

உரிமையாளருக்கென்று தனியாக உள்ளது கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-இன் பிற்பகுதியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதன் தொகையை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதற்கு முன் காருக்கு 2 லட்சம், இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம்தான். இறப்பு, இரண்டு கை கால் இழப்பு, இரு கண் பார்வை இழப்பு ஆகியவற்றுக்கு முழுத் தொகை. ஒரு கை அல்லது கால், ஒரு கண் என்றால் பாதி. தவறு யாருடையது என்ற கேள்வி இங்கும் இல்லை. ஆனால் ஓட்டியவர் பெயரில் ஆர்.சி. இருக்க வேண்டும், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. கம்பெனி பெயரில் பதிவான காருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்துப் பாலிசி வைத்திருப்பவர் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஒரே உரிமையாளருக்கு இரண்டு மூன்று வண்டிகள் இருந்தாலும் ஒன்றே போதும். உடன் பயணிப்பவர்களுக்கும் சிறிய கூடுதல் பிரீமியத்தில் தலைக்கு 2 லட்சம் வரை இதே வகைப் பாதுகாப்பைச் சேர்க்கலாம். கார் வாங்கும்போது ஷோரூமில் அதிகம் பேசப்படாத சேர்க்கை இது. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியதும் இதுவே.

சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநர் வேலையின்போது அடிபட்டால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி (2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020) முதலாளியிடம் கோரலாம். அந்தச் சட்டமும் தவறு பார்ப்பதில்லை. அங்கே கேட்பதா, மோட்டார் வாகனச் சட்டத்தில் கேட்பதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கொடுங்காயம் என்றால் எது

இரண்டரை லட்சம் எந்தக் காயத்துக்கும் வருவதில்லை. கொடுங்காயத்துக்குத் தண்டனைச் சட்டத்தின் வரையறையே இங்கும் பொருந்தும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவில் இருந்த அந்த வரையறை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் உள்ளது. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது கொடுங்காயம். ஒரு கண்ணின் பார்வை, ஒரு காதின் கேள்வி நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ போவது அல்லது வலுவிழப்பது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவையும் இதில் அடங்கும். கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ நீடிக்க வேண்டிய கால அளவு பழைய சட்டத்தில் 20 நாள். புதியதில் 15 நாள்.

பழைய 140-ஆம் பிரிவு நிரந்தர ஊனம் கேட்டது. இன்றைய பிரிவுக்கு ஒரு எலும்பு முறிவே போதும். சிராய்ப்பு, சதைக் காயம், சில நாள் வீக்கம் ஆகியவற்றுக்கு 164-இல் எதுவும் கிடைக்காது. அவற்றுக்குத் தவறை நிரூபித்துக் கேட்கும் வழிதான். எனவே எக்ஸ்ரே, எலும்பியல் மருத்துவரின் குறிப்பு, கேரளத்தில் ‘வூண்ட் சர்டிபிகேட்’ என்று அழைக்கப்படும் காயச் சான்று ஆகிய மூன்றும் முக்கியமான தாள்கள்.

காயச் சான்றின் முதல் சில வரிகளைப் பெரும்பாலோர் படித்துப் பார்ப்பதே இல்லை. அடிபட்டவரைக் கொண்டுவந்தவர் சொன்னதை வைத்தே மருத்துவமனையில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். பதற்றத்தில், பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று மட்டும் யாரோ சொல்லியிருப்பார்கள். ‘தானே விழுந்தது’ என்று பதிவாகிவிட்டால், எந்தக் காரும் இதில் சம்பந்தப்படவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் பின்னர் வாதிட அந்த ஒரு வரி போதும். தவறு பாராத இழப்பீட்டிலும் ஒரு மோட்டார் வாகனத்தால் விபத்து நடந்தது என்பதைக் காட்டியே தீர வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நிற்கும் உறவினர் அந்தக் குழப்பத்திலும் வாகனம் மோதியதையும், தெரிந்தால் பதிவெண்ணையும் சொல்லிப் பதியவைப்பது பின்னால் ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

முதல் ஏழு நாள்

164 தரும் தொகை சிகிச்சையின்போது கைக்கு வராது. அந்த இடைவெளிக்காக 2025 மே 5 முதல் மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மோட்டார் வாகன விபத்தில் அடிபட்ட எவருக்கும், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனை பணம் கேட்காமல் தரவேண்டும். இதிலும் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. விபத்து நடந்ததைப் போலீஸ் உறுதிப்படுத்துவது அவசியம் என்பதால், ஸ்டேஷனுக்கு உடனே தகவல் போகவேண்டும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லக்கூட கட்டாயமில்லை.

கையெழுத்துக்கு முன்

இந்த அத்தியாயத்தில் மிகக் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. 164-இன் தொகையை 149-ஆம் பிரிவின் நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோருபவர் போட்டிருக்கும் மனு காலாவதியாகிவிடும் என்று, தவறை நிரூபித்து இழப்பீடு கேட்கும் வழியான 166-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய 140-ஆம் பிரிவில் 50,000 ரூபாயை முதலில் பெற்றுக்கொண்டு, தவறை நிரூபித்துப் பெரிய தொகைக்கும் வழக்கை நடத்த முடிந்தது. இப்போது அப்படி இல்லை. 5 லட்சத்துக்குப் போடும் கையெழுத்து கடைசிக் கையெழுத்து.

எது லாபம் என்று தெரிய, தவறை நிரூபிக்கும் வழியில் எவ்வளவு வரும் என்று கணக்கிட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறை கிட்டத்தட்ட வாய்ப்பாடு போன்றது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் 34 வயதுக் கடை ஊழியர் இறந்ததாக வைத்துக்கொள்ளலாம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தவர்கள். ஆண்டு வருமானம் 2,40,000. வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கைக் கழித்தால் 2,52,000. 34 வயதுக்கான பெருக்கெண் 16. விடை 40,32,000 ரூபாய். இறுதிச் சடங்கு, துணையிழப்பு போன்றவற்றுக்கான தொகை இதற்கு மேல். இந்தக் குடும்பம் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இழப்பது 35 லட்சத்துக்கு மேல்.

இறந்தவர் மீதே பாதித் தவறு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தாலும் 20 லட்சம் வரும். அவர் மீது 10-இல் 9 பங்கு தவறு என்று ஆனால்தான் தொகை 4 லட்சத்துக்கு இறங்கி, 164 மேலானதாகிறது. முழுத் தவறும் அவருடையது என்றால் 166-இல் ஒன்றும் இல்லை. 164-இல் 5 லட்சம் உண்டு.

முதியவர் கதை வேறு. 68 வயதில் மாதம் 6,000 ரூபாய் ஈட்டிவந்தவர், மனைவியையும் நோயாளி மகளையும் விட்டுப் போகிறார் என்றால்: ஆண்டுக்கு 72,000, மூன்றில் ஒரு பங்கு கழித்து 48,000, பெருக்கெண் 5, ஆகமொத்தம் 2,40,000. மற்றத் தலைப்புகளைச் சேர்த்தாலும் 4 லட்சத்தைத் தாண்டாது. எதிராளியின் தவறு பட்டப்பகல் போல் தெளிவாக இருந்தாலும் இந்த வீட்டுக்கு 164 தான் நல்ல வழி. விரைவான வழியும் அதுவே. கொடுங்காயத்திலும் இதே பார்வை வேண்டும். எளிதில் கூடிய ஒரு விரல் முறிவுக்கு இரண்டரை லட்சம் தாராளம். இடுப்பெலும்பு நொறுங்கி, ஆறு மாதம் படுத்து, வேலையை இழந்தவருக்கு அது மருத்துவமனைப் பில்லுக்கே காணாது.

ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்திருக்கிறது என்று காட்டி யாரும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது; அது குடும்பம் பிரீமியம் கட்டிச் சேர்த்த பணம் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் வேறொரு சட்டத்தின்கீழ் இதே விபத்துக்கு இழப்பீடு பெற்றிருந்தால் அது 164-இன் தொகையில் கழியும்.

தாள்களும் தேதிகளும்

விபத்து நடந்த எல்லைக்குரிய போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் போலீஸே தரவேண்டும். இந்த விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அறிக்கை வந்தபின் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையைச் சொல்வார். ஏற்றால் 30 நாளுக்குள் பணம் வரவேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும்.

திருவனந்தபுரம் நகரத்துக்கான தீர்ப்பாயம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. ஆற்றிங்கலிலும் நெய்யாற்றின்கரையிலும் தீர்ப்பாயங்கள் உண்டு. மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கோருபவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலோ எதிர்மனுதாரர் வசிக்கும் ஊரிலோ போடலாம். பாறசாலையில் அடிபட்ட மார்த்தாண்டத்துக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லை தாண்டி வரவேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே வழக்கை நடத்தலாம். எஃப்.ஐ.ஆரும் மகஜரும் மலையாளத்தில் இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. எஃப்.ஐ.ஆர்., சம்பவ இட மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனைச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, வண்டியின் ஆர்.சி., பாலிசி நகல், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவையே வழக்கின் அடிப்படை.

மனு போடக் காலக்கெடு 6 மாதம். 1994 முதல் 2022 வரை கெடுவே இல்லாமல் இருந்ததால் ‘எப்போது வேண்டுமானாலும் போடலாம்’ என்ற பேச்சு இன்றும் ஊரில் உலவுகிறது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவு எப்போதும் மாறலாம். 6 மாதத்துக்குள் போடுவதே பாதுகாப்பு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் இலவசமாக உதவுகிறது.

காருக்கு வந்த சேதம்

மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குத் தவறு பாராத விதி இல்லை. எதிராளியின் கார் இடித்ததற்கு அவர் காப்பீட்டிடம் கேட்க வேண்டுமானால் தவறை நிரூபித்தாக வேண்டும். சொந்தக் காரின் சேதமோ பேக்கேஜ் பாலிசியில் தவறு பாராமலே கிடைக்கும். ஓட்டியவரின் கவனக்குறைவால் தூணில் இடித்தாலும் கிடைக்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் விலையில் பாதி கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும். ‘பம்பர் டு பம்பர்’ சேர்க்கை எடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு இராது. 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாய் உரிமையாளர் கையிலிருந்து. யாருக்கும் காயமில்லாத மோதலுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டாம், கேரளத்தில் ‘ஜி.டி. என்ட்ரி’ போதும். அதைக் கேரளப் போலீஸின் போல்-ஆப் செயலி வழியே விண்ணப்பித்தும் பெறலாம்.

சிறு கீறலுக்குக் கோருவதற்கு முன் ஒரு கணக்கு. 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் வைத்திருப்பவரின் சொந்தச் சேதப் பிரீமியம், போனஸ் கழிக்கும் முன், 12,000 ரூபாய் என்றால், ஒருமுறை கோரியதும் போனஸ் பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறி மீண்டும் 50-ஐத் தொடுவதற்குள் மொத்தம் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார்.

மோதிய வண்டி தெரியாதபோது

இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனத்துக்கு உரிமையாளரும் இல்லை, பாலிசியும் இல்லை. அதனால் 161-ஆம் பிரிவின்கீழ் தனி நிதி உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1-க்கு முன் இது 25,000-மும் 12,500-மும்தான். விண்ணப்பம் தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்ட அதிகாரிக்குப் போகும். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கை தர, மாவட்ட ஆட்சியர் 15 நாளுக்குள் அனுமதிக்க, அடுத்த 15 நாளுக்குள் பொதுக் காப்பீட்டு மன்றம் வங்கிக் கணக்கில் பணம் போடவேண்டும். திருவனந்தபுரத்தில் ஆட்சியர் அலுவலகம் குடப்பனக்குன்னில் உள்ளது. நீதிமன்றமும் வக்கீலும் தேவைப்படாத வழி இது.

ஆனாலும் நாடு முழுவதும் இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் நடந்த விபத்துகளோடு ஒப்பிட மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரியில் கவலையோடு குறிப்பிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கு அது. சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க, கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்ததும் அதே வழக்கில்தான். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் வாகனம் தெரியவரவில்லை என்றால், இப்படியொரு திட்டம் இருக்கிறது என்று ஸ்டேஷன் அதிகாரி அடிபட்டவருக்கோ குடும்பத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடிதம் வராத வீடுகள் ஸ்டேஷனில் இந்த உத்தரவைச் சொல்லிக் கேட்கலாம்; கடிதத்துக்குக் காத்திராமல் தாசில்தாரிடம் நேரே விண்ணப்பிக்கவும் தடையில்லை.

பணம் பெற்ற பிறகு வண்டி பிடிபட்டால், உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனம் மீதும் வழக்குத் தொடரும் உரிமை அப்படியே இருக்கும். தீர்ப்பாயம் வழங்கும் இழப்பீட்டிலிருந்து, முன்பு பெற்ற 2 லட்சமோ 50,000 ரூபாயோ மட்டும் நிதிக்குத் திரும்பிப் போகும்.